நல்ல ஆணம் தேடிய இராசமலர் மிஸி

இராசமலர் மிஸி சமைப்பதில்லை. சமைக்கத் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கலியாணம் முடித்துப் போன வீட்டுக் குசினியில் ஒரு பட்டாளத்துக்கே ஆக்கிப் போட்டவர்தான். ஆனால் அந்த வேலையை மனதார வெறுத்தார். தேங்காய் திருவி, மீன் வெட்டி, அடுப்போடு மல்லுக்கட்டி, அதே சட்டிகளைத் தேய்த்துக் கவிழ்த்து, விடிந்ததும் திரும்பவும் தேங்காய்க்குக் கை நீட்டுவதில் ஒரு மனுசிக்குப் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பார். யாராவது பதில் சொல்லத் தொடங்கினால், கேட்க நேரமில்லாதவர்போல ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டு போய்விடுவார்.

பிறந்த ஊர் திரியாய். வேலை பார்த்தது முழுக்கக் கிண்ணியா, மூதூர்ப் பக்கம், மருத்துவமாதாக. தாதிமாரையும் மருத்துவமாதுகளையும் எங்கள் பக்கத்தில் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்றாலும் அந்தப் பெயர் போகாது. இன்று கிண்ணியாவில் மீசை முறுக்கிக்கொண்டு திரிகிற பாதிப் பேரை அவர் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியிருக்கிறார். அதனாலோ என்னவோ, ஆண்களைக் கண்டு மரியாதை வருகிற பழக்கம் அவருக்கு ஏற்படவே இல்லை.

ஏற்படாமல் போனதற்குப் புருசனும் ஒரு காரணம். தனஞ்சயன் பார்க்க நல்ல வடிவான ஆள். வடிவைத் தவிர அவனிடம் வேறொன்றும் இல்லையென்று கண்டுபிடிக்க இராசமலருக்கு அதிக காலம் எடுக்கவில்லை. மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தான்; அங்கே மனேச்சர் தன்னைக் கண்டு பொறாமைப்படுகிறான் என்று விட்டுவிட்டு வந்தான். நிலாவெளியில் வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றிப் புறாமலைக்குக் கொண்டுபோனான். கடல் காற்று ஒத்துவரவில்லை என்றான். திருகோணமலையில் பிறந்தவனுக்குக் கடல் காற்று ஒத்துவரவில்லை! பிறகு கட்டாருக்குப் போனான். அங்கே ஒரு பெரிய கம்பெனியில் தான் சூப்பர்வைசர் என்று ரெலிபோனில் சொன்னான். சில வருடங்கள் கழித்து இரண்டு சூட்கேசும் ஒரு வாசனைப் போத்தலும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரும்பி வந்து, விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு எழும்பவில்லை.

வீட்டில் எல்லாம் இராசமலர்தான். காலையில் அவனுக்கும் மகள் பிரியதர்சினிக்கும் சமைத்து மூடிவைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போவார். பின்னேரம் வந்து திரும்பச் சமைப்பார். தனஞ்சயன் கதிரையில் இருந்தபடி குழம்பில் புளி கூடிவிட்டது என்பான், ரொட்டி இறுகிவிட்டது என்பான். சூப்பர்வைசர் அல்லவா, குறை கண்டுபிடித்துப் பழக்கம்.

ஒருநாள் வெருகலுக்கு உள்ளே ஒரு பிரசவம். வெள்ளம். ரோட்டு உடைந்து அம்புலன்ஸ் வரவில்லை. இராசமலர் அங்கேயே தங்கிப் பார்த்தார். அது நல்லபடியாக முடியவில்லை. மறுநாள் மத்தியானம் சேறும் சகதியுமாக அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், தனஞ்சயன் கதிரையில் இருந்தான்.

“இன்னும் ஒண்டும் சாப்பிடேல்ல. நீர் வருவீர் வருவீர் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன். சரியான பசி” என்றான்.

இராசமலர் உள்ளே போய் அவனுடைய சூட்கேஸ் ஒன்றை இறக்கி, அலுமாரியில் இருந்த அவன் உடுப்புகளை எல்லாம் அடைத்து, வாசனைப் போத்தலையும் மேலே வைத்து, கொண்டுவந்து படியில் வைத்தார். சண்டை இல்லை, அழுகை இல்லை. அக்கம்பக்கத்தார் பார்க்கும்படியாக அதில் ஒன்றுமே இருக்கவில்லை. தனஞ்சயன் பாலையூற்றில் தமக்கை வீட்டுக்குப் போனான். பிறகு எங்கே போனான் என்று இராசமலர் விசாரிக்கவில்லை.

அன்றைக்கே அடுப்பையும் நிறுத்தியிருப்பார், மகளுக்காகத்தான் மூட்டினார். மகள் படித்து முடித்து மட்டக்களப்பில் வேலையாகி அங்கேயே குடும்பமாகிவிட்டாள். அதோடு அடுப்பை நிறுத்தினார். காலைச் சாப்பாடு எப்போதும் கடையில்தான். கிண்ணியாப் பாலத்தடியில் அபூதாஹிர் காக்காவின் கடை. பெண்கள் சாப்பிட உள்ளே திரை போட்டு ஒரு மேசை வைத்திருந்தார்கள். இராசமலர் அந்தத் திரையை ஒருதடவை விலக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு சோடாப் பெட்டியும் நுளம்பும் இருந்தன. வெளியே வந்து, மீன்காரர்களும் ஓட்டோக்காரர்களும் இருந்த நீளமான வாங்குப் பலகையில் நடுவே உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் தாங்களாகவே நகர்ந்து இடம் விட்டார்கள்.

அங்கே தேங்காய்ப்பூ ரொட்டியும் மீன் ஆணமும் கிடைக்கும். கிண்ணியாவில் குழம்பை ஆணம் என்பார்கள். ரொட்டி கைத்தடிப்பில் இருக்கும்; வெளியே மொறுமொறுவென்று, பிய்த்தால் உள்ளே ஆவி வரும். ஆணம் ரொட்டியின்மேல் ஊற்றினால் ஓடாமல் அப்படியே நிற்கும். வருடக்கணக்காக அதைத்தான் சாப்பிட்டார். நல்லது என்று ஒருநாளும் சொன்னதில்லை. குறை சொல்லாமல் எழும்பிப் போனால் அது நல்லது என்று அபூதாஹிர் காக்காவுக்குத் தெரியும்.

காக்கா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு மகன்மார் கடையைத் திருத்தினார்கள். ரியூப் வெளிச்சம், கண்ணாடிக் கதவு, சுவரில் நாக்கைத் தொங்கப்போட்ட ஒரு பேர்கரின் படம். வாங்கைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டார்கள். இராசமலர் போய் உட்கார்ந்து ரொட்டியும் ஆணமும் கேட்டார்.

“ரொட்டி இப்ப இல்ல மிஸி. பிறைட் றைஸ் இரிக்கி, கொத்து இரிக்கி, சீஸ் கொத்து இரிக்கி.”

“காலமைக்கு?”

“எந்நேரமும் இரிக்கி மிஸி.”

காலை எட்டு மணிக்குச் சீஸ் கொத்துத் தின்னுகிற மனிதன் எப்படி இருப்பான் என்று பார்ப்பதற்காக இராசமலர் கொஞ்ச நேரம் அங்கே இருந்தார். அப்படியானவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். எழும்பி வந்துவிட்டார்.

அப்படித்தான் தேடுதல் தொடங்கியது. துணைக்கு சுஹைரா. கிண்ணியாக் கிளினிக்கில் இவருக்குக் கீழே உதவியாளராக இருந்தவர். இருவரும் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள். ஸ்கூட்டியின் பின்னால் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்வார். சுஹைராவுக்கு எதைக் கொடுத்தாலும் பிடிக்கும். அதுதான் அவரிடம் இராசமலருக்குப் பிடிக்காத விடயம்.

முதலில் திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. ஆணம் கொண்டுவந்து வைத்தார்கள். இராசமலர் கோப்பையைச் சரித்துப் பார்த்தார். கோப்பையின் அடியில் இருந்த பூப்படம் நன்றாகத் தெரிந்தது.

“இதுக்குள்ள மீன் நீந்தினதா, இல்லாட்டிக் கரையில நிண்டு பார்த்ததா?” என்று பரிமாறியவரைக் கேட்டார்.

“நல்லாத்தானே இரிக்கு மிஸி” என்றார் சுஹைரா, ரொட்டியை நனைத்தபடி.

அடுத்தது உட்துறைமுக வீதியில், கப்பல் பார்க்க வருகிற கொழும்புக்காரருக்காகத் திறந்த கடை. உள்ளே ஏசி. மேசையில் துணி. ஒரு கறுத்தத் தட்டில் சாடி மூடி அளவு ரொட்டிகளைக் கோபுரமாக அடுக்கி, மேலே ஒரு கறிவேப்பிலையை நட்டு, பக்கத்தில் கண்மருந்து ஊற்றுகிற கிண்ணம்போல ஒன்றில் ஆணம் வைத்தார்கள். இராசமலர் முதல் ரொட்டியை நனைத்ததோடு ஆணம் முடிந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டார். கழுத்துப்பட்டி கட்டியிருந்த பொடியன், “கிரேவி எக்ஸ்ரா, மேடம்” என்றான்.

“தம்பி, இது உங்கட வீட்டில செத்த வீட்டுக்கு வந்த ஆக்களுக்குக் குடுக்கிற அளவோ?” என்று இராசமலர் கேட்டார். பக்கத்து மேசைக் கொழும்புக்காரர்கள் தங்கள் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி ஆறிக் காய்ந்துகொண்டிருந்தது. ஆறின ரொட்டியைப் படம் எடுக்கிற சனத்தைப் பற்றி இராசமலர் வீடு வந்து சேரும்வரை பேசினார்.

மூதூர் இறங்குதுறையில் ரொட்டி நன்றாக இருந்தது. ஆணத்தில் சீனி போட்டிருந்தார்கள். யாரோ ஒரு சிங்களச் சமையல்காரனிடம் தொழில் பழகினதாம். “பழகினவர் இடையில எழும்பி வந்திட்டார்போல” என்றார் இராசமலர். குறிஞ்சாக்கேணியில் ஆணம் பரவாயில்லை, ஆனால் ரொட்டிக்கு அப்பச்சோடாவை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். வாயில் வைத்தால் சவர்க்காரம். கல்லாவில் இருந்தவன் றுமைஸ். அவன் பிறந்தபோது கால் முதலில் வந்தது.

“றுமைஸ், உன்னை வெளிய எடுக்க நான் விடிய விடியப் பட்ட பாடு உன்ர உம்மாவிட்டக் கேள். அந்தப் பாட்டுக்கு இந்த ரொட்டிதானா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். றுமைஸ் முகம் சிவந்து குசினிக்குள் போய் யாரையோ ஏசினான். இராசமலர் அதையும் மதிக்கவில்லை. தன் கடை ரொட்டியைத் தான் தின்று பார்க்காத முதலாளி குசினிக்காரனை ஏசுவதில் என்ன இருக்கிறது?

வெருகலுக்கும் போனார்கள். அவ்வளவு தூரம் வெயிலில் போய் இறங்கினால் முருகன் கோயில் திருவிழாவுக்காகக் கடையில் மரக்கறி மட்டும். பூசணிக்காய்க் குழம்பு கொண்டுவந்து வைத்தார்கள். முருகனுக்காகப் பொறுத்துக்கொண்டு சாப்பிட்டதாக இராசமலர் சொன்னார். திரும்பி வரும் வழியில் சுஹைரா பூசணிக்காய் நல்லா இருந்தது என்று சொன்னார். இராசமலர் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி, “இறங்கி நடந்து வாறீரோ?” என்று கேட்டார்.

சீனக்குடாவில் கோதுமை மா ஆலைக்குப் போகிற வழியில், லொறிகள் வரிசையில் நிற்கும் இடத்தில், தகரம் அடித்த ஒரு கொட்டகை இருந்தது. பெயர்ப்பலகை இல்லை. வாசலில் பழைய ரயர்கள். ஸ்கூட்டிக்குக் காற்றுப் போகிறதுபோல இருந்ததால்தான் அங்கே நிறுத்தினார்கள். சாப்பிடுகிற எண்ணமே இராசமலருக்கு இல்லை. “லொறிக்காரங்களுக்கு நாக்கில டீசல்தான் படிஞ்சிருக்கும். அவங்களுக்குக் குடுக்கிறது எங்களுக்கு எதுக்கு?” என்றார். சுஹைராவுக்குப் பசி. அவர் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரி றம்லா, குரல் பெரிய மனுசி, ரொட்டியும் ஆணமும் கொண்டுவந்து வைத்தார். இராசமலர் வேண்டா வெறுப்பாக ஒரு துண்டைப் பிய்த்தார். ஆவி வந்தது. ஆணத்தில் தோய்த்தார். பாரைமீன் தலை போட்டு, தூளைக் கறுக்க வறுத்து, பழப்புளி அளவாகக் கரைத்து, தேங்காய்ப்பால் கடைசியில் விட்டு இறக்கிய ஆணம். ரொட்டியின்மேல் நின்றது, ஓடவில்லை.

சுஹைரா சாப்பிட்டுக்கொண்டே காத்திருந்தார். குறை ஒன்றும் வரவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தார். இராசமலர் மிஸி தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு ரொட்டி முடிந்து இரண்டாவதில் கை வைத்திருந்தார்.

“என்ன மிஸி, சத்தத்தைக் காணல்ல?”

“சாப்பிடேக்க கதைக்காதேயும்.”

பிறகு றம்லாவைக் கூப்பிட்டு, “ஆணம் ஆர் வைக்கிறது?” என்று கேட்டார்.

“பின்னால நிக்கிறாரு மிஸி, சமையக்காரர். நல்ல மனுசன். தனா எண்டு.”

எந்தக் கடையிலும் குசினிக்குள் போய்ச் சட்டியையும் சமைப்பவர் நகத்தையும் பார்ப்பது இராசமலரின் வழக்கம். கையைக் கழுவாமலேயே எழும்பிப் பின்னால் போனார். பலகைச் சுவருக்கு அப்பால், புகைக்கு நடுவில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவன் பெரிய சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். தலை நரைத்து, முன்பல் ஒன்று போயிருந்தது. நகம் சுத்தமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தவன் அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டான்.

“மலர்” என்றான்.

முன்பெல்லாம் இராசமலர் அவனை நீங்கள் என்றுதான் சொல்வார். இப்போது வேறு சொல் வந்தது.

“இதை நீரா வச்சனீர்?”

“ஓம்.”

“எங்க பழகினனீர்?”

தனஞ்சயன் அகப்பையைத் தேடி எடுத்தான். “கட்டாரில.”

“கட்டாரில நீர் சூப்பர்வைசர்.”

அவன் சட்டியை ஒருதடவை கிளறினான்.

“சூப்பர்வைசர் இல்லை. லேபர் காம்ப் குசினி. முதல்ல வெங்காயம் உரிச்சனான். பிறகு ஒரு மலையாளத்தார் எனக்குச் சமையல் காட்டித் தந்தவர். பிறகு முழுக் காம்புக்கும் நான்தான் சமைச்சனான்.”

இராசமலருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் கதிரை நினைவுக்கு வந்தது. விறாந்தையில் அவன் இருந்த அத்தனை காலமும், புளி கூடிவிட்டது, ரொட்டி இறுகிவிட்டது என்று அவன் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்ப, வீட்டில இருந்த காலமெல்லாம் உமக்குச் சமைக்கத் தெரியும்.”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனீர். நான் வேலையால வந்து அடுப்படியில நிக்கேக்க, பார்த்துக்கொண்டுதான் இருந்தனீர்.”

“குசினிக்காரன் எண்டு தெரிஞ்சா நீர் என்னை மதிக்க மாட்டீர் எண்டு நினைச்சனான், மலர்.”

“இப்ப மட்டும் மதிக்கிறன் எண்டு ஆர் சொன்னது?”

திரும்பி வந்தார். சுஹைரா வாயைத் திறந்தபடி இருந்தார். பலகைச் சுவரில் ஓட்டை பல; பேசியதெல்லாம் வெளியே கேட்டிருந்தது. இராசமலர் போய்விடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் வாங்கில் உட்கார்ந்து, பாதியில் விட்ட ரொட்டியை ஆணத்தில் தோய்த்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பிறகுதான் போனார். ஒருவன் கேவலமானவன் என்பதற்காக நல்ல ரொட்டியை எறிய அவருக்கு மனம் வரவில்லை.

அன்று பின்னேரம் மகளுக்கு ரெலிபோன் எடுத்தார்.

“உன்ர அப்பா சீனக்குடாவில ஒரு கொட்டகையில ரொட்டி சுடுறார், தெரியுமா?”

“தெரியும் அம்மா. நாங்கள் திருகோணமலைக்கு வந்தா அங்க போய்ச் சாப்பிடுறனாங்கள். சொன்னா கோவிப்பீங்கள் எண்டு சொல்லேல்ல.”

“எனக்கு வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்” என்று சொல்லி இராசமலர் ரெலிபோனை வைத்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்தார். மற்றக் கடைகளுக்குத்தான் போனார். முன்பு பரவாயில்லையாக இருந்தவையும் இப்போது வாயில் வைக்க முடியாமல் இருந்தன. மூதூர்ச் சீனி இன்னும் இனித்தது. றுமைஸ் கடைச் சவர்க்காரம் இன்னும் நுரைத்தது. அந்த எரிச்சலும் தனஞ்சயன் கணக்கில்தான் சேர்ந்தது: கூட இருந்து கெடுத்தது போதாதென்று இப்போது இல்லாமலும் கெடுக்கிறான். கடைசியில் சுஹைராவை ஓட்டோவில் அனுப்பிப் பார்சல் எடுப்பித்தார். ஆணத்தைச் சொப்பிங் பையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ரொட்டி பேப்பருக்குள் வியர்த்து நனைந்து, ஈரத் துணிபோலக் கிடந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு, அடுத்த நாள் காலை இராசமலர் ஸ்கூட்டியை எடுத்தார்.

“போகேக்க ஒண்டு சொல்லிப்போட்டன்” என்று சுஹைராவிடம் சொன்னார். “நான் கடைக்குப் போறன். ஆளிட்டப் போகேல்ல.”

அவர் தனஞ்சயனோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை றம்லாவிடம் சொல்வார். “இண்டைக்குத் தூள் கருகிப்போச்சு எண்டு உள்ள சொல்லுங்கோ.” “மீன் நேத்தையானது. உள்ள சொல்லுங்கோ.” பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கு எல்லாம் நேரடியாகவே கேட்கும். றம்லா உள்ளே போவதுபோலக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருவார். லொறிக்காரர்கள் இராசமலருக்குப் பயந்து கையைக் கழுவிவிட்டு உட்காரப் பழகினார்கள். மீன் நேற்றையதாக இருப்பது நின்றுபோனது.

இதை எல்லாம் தனஞ்சயன் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டான். வடிவான ஆண்கள் அப்படித்தான். வயது போய் வடிவு போன பிறகும், தங்களைத் தேடித்தான் எல்லாரும் வருகிறார்கள் என்ற எண்ணம் போவதில்லை. ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை, கடை லீவு. நீளக் காற்சட்டை போட்டு, தலைக்கு மை பூசி, கையில் சாப்பாட்டு அடுக்கு, ரிபன் கரியரோடு இராசமலர் வீட்டுக் கேற்றில் வந்து நின்றான். காதோரத்தில் மை வழிந்திருந்தது.

இராசமலர் கேற்றைத் திறந்தார். ரிபன் கரியரை வாங்கினார். உள்ளே வரச் சொல்லவில்லை. ஆணத்தைத் தன் பாத்திரத்தில் ஊற்றி, ரொட்டியை எடுத்து வைத்து, கரியரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு வாழைப்பழமாவது வைப்பார்கள். இராசமலர் வெறுமையாகத்தான் கொடுத்தார்.

தனஞ்சயன் அதை வாங்கிக்கொண்டு நின்றான். “மலர், நான் திரும்பி வாறன். இனி நான் சமைப்பன். நீர் சும்மா இருக்கலாம்.”

“நான் இப்பவும் சும்மாதான் இருக்கிறன்.”

“எவ்வளவு காலமாச்சு. இன்னும் கோவமா? அண்டைக்குப் பசி எண்டுதானே கேட்டனான். அதுக்கு ஒரு மனுசனை வீட்டை விட்டு அனுப்பினனீர்.”

இராசமலர் கேற்றைப் பிடித்தபடி அவனைப் பார்த்தார். “அண்டைக்கு வெருகல்ல ஒரு பிள்ளை என்ர கைக்குள்ள செத்தது. தாயையும் மயிரிழையிலதான் மிச்சம் பிடிச்சனான். அந்தக் கையோட வீட்டுக்கு வந்தனான். நீர் அதைக் கேக்கேல்ல. சரி, கேக்கத் தெரியாத ஆள் எண்டு அண்டைக்கு நினைச்சன். சமைக்கவும் தெரியாத ஆள், பாவம் எண்டும் நினைச்சன். இப்பத்தான் தெரியுது. வீட்டில அரிசி இருந்தது, மீன் இருந்தது, அடுப்பு இருந்தது. ஒரு காம்புக்கே சமைச்ச கை உமக்கு இருந்தது. நீர் எனக்காகப் பார்த்துக்கொண்டு இருந்தனீர்.”

தனஞ்சயன் கரியரின் பிடியைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவனுக்கு அழுகை வந்தது. மை இன்னும் கொஞ்சம் வழிந்தது.

“அழாதேயும். ரோட்டால சனம் போகுது” என்றார் இராசமலர். “ஆணம் நல்லது. அதை நான் மறுக்கேல்ல. அதுக்காக உம்மைக் கட்டி மேய்க்க எனக்கு ஏலாது.”

கேற்றைச் சாத்திவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டார். ரொட்டியில் அன்றைக்கு நெய் கொஞ்சம் கூடப் போட்டிருந்தான். மனதைக் கரைக்கப் பார்த்திருக்கிறான் என்று அவருக்குத் தெரிந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். பிறகு சுஹைராவுக்கு ரெலிபோன் எடுத்து, நடந்ததைச் சொன்னார். சுஹைரா, “பாவம் மிஸி அந்த மனுசன்” என்றார். “உமக்குப் பூசணிக்காயும் பாவம்தானே” என்று சொல்லி இராசமலர் வைத்துவிட்டார்.

அந்தக் கிழமை முழுக்கக் கொட்டகையில் ஆணம் கெட்டுக் கிடந்தது. உப்பில்லை, புளியில்லை, ரொட்டி ஒரு பக்கம் வேகவில்லை. லொறிக்காரர்கள் பேசாமல் தின்றார்கள். இராசமலர் றம்லாவைக் கூப்பிடவில்லை. நேராகக் குசினிக்குள் போனார்.

“கோவத்தை என்னில காட்டும். சட்டியில என்னத்துக்குக் காட்டுறீர்? வெளிய இருக்கிறவங்கள் உமக்கு என்ன செய்தவங்கள்? விடிய வெளிக்கிட்டு வந்த சனம். உமக்கு வாழ்க்கையில சரியா வந்தது இந்த ஒண்டுதான். இதையும் கெடுத்துப்போட்டு எங்க போய் இருக்கப்போறீர், ஒரு கதிரை பார்த்து வச்சிருக்கிறீரோ?”

தனஞ்சயன் அந்தச் சட்டியை இறக்கி வெளியே கொண்டுபோய் ஊற்றினான். புதிதாகத் தூள் வறுக்கத் தொடங்கினான். இராசமலர் வெளியே வந்து காத்திருந்தார். நல்ல நேரம் எடுத்தது. ஆணம் வந்தபோது சாப்பிட்டு எழும்பிப் போனார். குறை சொல்லவில்லை.

போன வருடம் றம்லாவுக்கு முழங்கால் ஏலாமல் போய், மூதூரில் இருக்கிற மகளோடு இருக்கப் போய்விட்டார். கொட்டகையைத் தனஞ்சயனே எடுத்து நடத்துகிறான். தகரத்தை மாற்றி, நிலத்துக்குச் சீமெந்து போட்டான். பெயர்ப்பலகையும் ஒன்று அடித்து மாட்டினான். மஞ்சள் நிறத்தில், சிவப்பு எழுத்தில், இரண்டு பக்கமும் ரோசாப்பூ வரைந்து: மலர் ஹோட்டல்.

காலையில் ஸ்கூட்டி வந்து நின்றது. சுஹைரா இறங்கினார். இராசமலர் இறங்கவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. பலகையைப் பார்த்தார். தனஞ்சயன் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, சிரித்தபடி நின்றான்.

“இது ஆர்?”

“உம்மட பேர்தான், மலர்.”

“என்ர பேரில ரொட்டி விக்க நான் எப்ப சொன்னனான்? முப்பது வருசம் பிள்ளைப்பேறு பார்த்துச் சேர்த்த பேர். லொறிக்காரருக்கு முன்னால தொங்கவிடுறதுக்கில்ல.”

“வடிவா இருக்கெண்டு…”

“பூவையும் சேர்த்து அழிச்சுவிடும்.”

லொறிக்காரர்கள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். தனஞ்சயன் பின்னால் போய், தகரத்துக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்டை எடுத்து வந்து, வாங்கொன்றை இழுத்துப் போட்டு ஏறி, பலகையை மறைத்துப் பூசினான். ஒரு ரோசாப்பூ மூலையில் தப்பியது. அதற்கும் ஒரு தடவை தூரிகையைப் போடச் சொன்னார். பூசி முடியும்வரை இராசமலர் எஞ்சினை நிறுத்தாமல் வெயிலில் இருந்தார். பிறகு இறங்கி உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

கடைக்கு இன்றுவரை பெயர் இல்லை. லொறிக்காரர்கள் நீலப்பலகை என்கிறார்கள். கொழும்பிலிருந்து வருகிற சிலர் வழி கேட்டு வந்து படம் எடுக்கப் பார்க்கிறார்கள். இராசமலர் இருக்கிற நேரமாக இருந்தால் முதலில் சாப்பிடச் சொல்கிறார். அவருக்கு ரொட்டியைத் தனஞ்சயனே கொண்டுவந்து வைக்கிறான். வைத்துவிட்டு அவர் முதல் வாய் வைக்கும்வரை நிற்கிறான்.

“தேங்காய் முத்தல்” என்கிறார் அவர்.

“நாளைக்கு வேற பாக்கிறன்.”

“எனக்கு நல்லாத்தான் இரிக்கு” என்கிறார் சுஹைரா. அவரை இருவருமே கவனிப்பதில்லை.